ஒட்டகச்சிவிங்கி இல்லாத நாவல்

தன் நாட்டில் முதன்முதலாக நாவல் எழுதிய பெண்ணை எங்கள் நகரம் கச்சான் சூப் வைத்து வரவேற்றது. கச்சான் என்று நான் சொல்வது நிலக்கடலையை. அதை அரைத்துக் காய்ச்சி ஒரு மண்சட்டியில் ஊற்றி, பக்கத்தில் மரத்தால் செய்த சிங்கம் ஒன்றையும் காவலுக்கு வைத்திருந்தார்கள்.

வுப்பர்டாலில் ஒரு வாசகர் சங்கம் நடத்திய சின்ன நூலகத்தில் நான் அப்போது வேலை செய்தேன். மார்க் நாணயம் போய் யூரோ வந்த புதிது. யாழ்ப்பாணத்திலிருந்து முதலில் பாரிஸுக்குப் போனவள் நான். அண்ணன் வீட்டில் சில வருடம் இருந்து பிரெஞ்சு படித்தேன். அது வாயில் ஒழுங்காக வரத் தொடங்கிய நேரம் பார்த்து என்னை ஜேர்மனியில் கல்யாணம் கட்டிக் கொடுத்தார்கள். ஆகவே அந்த நூலகத்தில் பிரெஞ்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான். பிரெஞ்சில் எழுதும் ஓர் எழுத்தாளர் வருகிறார் என்றதும் எனக்குத் தந்த பொறுப்பு, சூப் அகப்பை பிடிப்பது.

நூலகப் பொறுப்பாளர் அம்மையார் மோசமானவர் அல்லர். உலகத்தில் யார் எங்கே கஷ்டப்பட்டாலும் அவர்களுக்காக ஒரு வாரம் கொண்டாடாவிட்டால் அவருக்கு நித்திரை வராது, அவ்வளவுதான். அந்த வருடம் ஆபிரிக்கா வாரம். மேளம் அடிக்க ஒரு குழு வந்திருந்தது. எல்லோரும் ஜேர்மன் பள்ளிக்கூட ஆசிரியர்கள். பூப்போட்ட தொளதொளச் சட்டைகளை மாட்டிக்கொண்டு, வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளையை வெளுப்பதுபோல மேளத்தை வெளுத்து வாங்கினார்கள். எழுத்தாளர் முன்வரிசையில் சாம்பல் நிற மேலங்கியோடு கைகட்டி இருந்தார். அறுபதை நெருங்கிய வயது, நிமிர்ந்த முதுகு, மெல்லிய பின்னல்களாக இழுத்துக் கட்டிய தலை. மேளம் முடிந்ததும் எல்லோரும் அவரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழும்பி ஆடுவார் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது.

பிறகு கேள்விகள். “இங்கே இந்தக் குளிரை எப்படித் தாங்குகிறீர்கள்?” என்று பொறுப்பாளர் அம்மையார் குரலில் இரக்கம் சொட்டச் சொட்டக் கேட்டார்.

“என்னிடம் மேலங்கி இருக்கிறது” என்றார் எழுத்தாளர்.

“உங்கள் ஊரில் பெண்கள் தண்ணீருக்கு வெகுதூரம் நடக்கவேண்டுமல்லவா?”

“எங்கள் வீட்டில் குழாய் இருந்தது.”

குழாய் இருந்ததற்கும் சேர்த்து சபை சோகமாகத் தலையாட்டியது. மேசையில் அவருடைய நாவலின் ஜேர்மன் மொழிபெயர்ப்பு அடுக்கியிருந்தது. அட்டையில் சிவந்த வானம், அதன் முன்னால் ஓர் ஒட்டகச்சிவிங்கி. கதை நடப்பது துறைமுகப் பட்டினம் ஒன்றில். அதில் லொறி வருகிறது, மீன்சந்தை வருகிறது, வட்டிக்கடை வருகிறது, ஒட்டகச்சிவிங்கி வரவேயில்லை. தான் உயிரோடு ஒட்டகச்சிவிங்கியைக் கண்டதே வுப்பர்டால் மிருகக்காட்சிச்சாலையில்தான் என்று பிற்பாடு அவர் என்னிடம் சொன்னார்.

அன்றைக்குச் சூப் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். நான் பிரெஞ்சில் பேசினேன். பாரிஸில் இருந்த காலத்தில் உங்கள் நாவலை வாசித்திருக்கிறேன், மிகவும் நன்றாக இருந்தது என்றேன். வாசித்தபோது மனதில் எத்தனையோ கேள்விகள் முட்டி மோதின. ஆனால் ஆளை நேரே கண்டதும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல “மிகவும் நன்றாக இருந்தது” என்பதோடு நாக்கு ஒட்டிக்கொண்டது. அதைத் தமிழில் கொண்டுவர ஆசை என்று மட்டும் எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அட்டையில் யானை போடமாட்டீர்களே?” என்று கேட்டார்.

அப்படித்தான் சனிக்கிழமைகளில் அவருடைய சமையலறைக்கு நான் போகத் தொடங்கினேன். நாவலில் ஒரு பெண், தகப்பன் விட்டுப்போன லொறியை யாருக்கும் விற்காமல் தானே ஓட்டத் தொடங்குகிறாள். கதை அவ்வளவுதான். அந்த லொறி அவருடைய நாட்டையே ஆட்டியிருக்கிறது. ஒரு பெண்ணுக்கு லொறி ஓட்ட வராது, அதைவிட முக்கியமாக, ஒரு பெண்ணுக்கு இப்படி எழுத வராது என்று பத்திரிகைகள் தீர்ப்புச் சொன்னவையாம். ஆகவே எழுதியது கணவர்தான் என்று முடிவுகட்டினார்களாம். கணவர் கல்லூரி விரிவுரையாளர். நிருபர்கள் வந்து கேட்டபோது அவர் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அடக்கமாகச் சிரித்தார்.

“பொய் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். சிரிக்கிற மனிதனோடு எப்படிச் சண்டை பிடிப்பது?” என்றார் எழுத்தாளர். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல் ஊரைவிட்டு வெளிக்கிட்டு, இங்கே இருந்த தங்கையிடம் வந்து, மாலை வகுப்புகளில் வளர்ந்தவர்களுக்குப் பிரெஞ்சு படிப்பித்துக்கொண்டு இருந்துவிட்டார். ஜேர்மன் நன்றாகப் பேசுவார். ஆனால் அது அலுவலகங்களுக்கும் வாடகை வீட்டுச் சொந்தக்காரருக்கும் மட்டும் என்பார். அந்த ஆபிரிக்கா வாரத்துக்குப் பிறகு, இலக்கியத்தைப் பற்றி ஜேர்மனில் ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று முடிவெடுத்திருந்தார்.

மொழிபெயர்ப்பு முடியும் காலத்தில் ஒருநாள் கேட்டேன், ஏன் பிறகு நீங்கள் எழுதவில்லை என்று.

“எழுதினேன். பாதியில் நிற்கிறது” என்றார். “நீ இத்தனை சனிக்கிழமை வந்தாய். இந்த மீனுக்குப் பெயர் என்ன, இந்தத் துணி எப்படியிருக்கும் என்று கேட்டாய். மொழிபெயர்ப்பவள் அப்படித்தான் கேட்கவேண்டும், பிழையில்லை. ஆனால் அந்த இடத்தில் அதை ஏன் அப்படி எழுதினாய் என்று இந்த இருபது வருடத்தில் ஒருவர், ஒரே ஒருவர், என்னிடம் கேட்டதில்லை. ஊரில், யார் எழுதியது என்று கேட்டார்கள். இங்கே, குளிருகிறதா என்று கேட்கிறார்கள். கேட்க ஆளில்லாத வீட்டில் நான் யாருக்காக அதை முடிப்பது?”

ஏன் என்ற கேள்விகள் என்னிடம் ஒரு கூடை நிறைய இருந்தன. அப்போதும் அவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. நாட்டின் முதல் நாவலாசிரியையிடம் சூப் ஊற்றியவள் ஏன் என்று கேட்பதா? அதற்குப் பதிலாகத் தேவையில்லாத ஒரு வீறாப்பு வாயில் வந்தது. “எங்கள் ஆட்கள் அப்படியில்லை” என்றேன். “நாங்களும் நாடு விட்டு வந்தவர்கள். புத்தகத்துக்காக அடிபடுகிற சனம். தமிழ் வெளியீட்டுக்கு வந்து பாருங்கள்.”

“சரி, வருகிறேன்” என்றார். “அங்கேயும் குளிரைப் பற்றிக் கேட்டால் அந்தப் பாதி நாவலைக் கடதாசித் தொட்டியில் போட்டுவிடுவேன். எனக்கும் அலுத்துவிட்டது.” விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை.

எங்கள் ஆட்கள் புத்தகத்துக்காக அடிபடுவார்கள் என்று நான் சொன்னது பொய்யில்லை. எந்தப் புத்தகத்தை யார் வெளியிடுவது, முதற்பிரதியை யார் வாங்குவது, யாருடைய பெயரை அழைப்பிதழில் மேலே போடுவது என்று அடிபடுவார்கள். வாசிப்பது அந்த அடிபாட்டில் சேராது. எங்கள் நகர இலக்கிய வட்டத்தின் தலைவர் அண்ணையிடம் கையெழுத்துப்படியைக் கொடுத்தபோது அவர் அதைக் கையில் வைத்து நிறுத்துப் பார்த்தார். “நல்ல பாரமாய்த்தான் கிடக்கு. வடிவாய்ச் செய்வம் பிள்ளை” என்றார். அதோடு அவருடைய இலக்கிய ஆய்வு முடிந்தது.

விழா நாள் வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. பின்பக்கத்தில் றோல்ஸும் வடையும் இருந்ததும் ஒரு காரணம். விளக்கேற்றினார்கள். இரண்டு பிள்ளைகள் பரதநாட்டியம் ஆடினார்கள். லொறி ஓட்டும் ஆபிரிக்கப் பெண்ணின் கதைக்குக் கண்ணன் வெண்ணெய் திருடுவது எப்படிப் பொருந்தும் என்று கேட்கக்கூடாது. ஆட்டம் இல்லாமல் தொடங்கினால் அது கூட்டமே இல்லை. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயவுரை, ஆய்வுரை. எல்லாவற்றையும் நான் பக்கத்துக் கதிரையில் இருந்து எழுத்தாளரின் காதில் பிரெஞ்சில் ஓதிக்கொண்டிருந்தேன்.

முதல் உரையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. பேசிய அத்தனை பேரும் வாசித்திருந்தது நான் எழுதிய முன்னுரையை மட்டும். முன்னுரை சின்னது என்பதால் திரும்பத் திரும்ப அதே வசனங்கள் வந்தன. வாழ்த்துரைக்காரர் மேற்கோள் காட்டிய இடத்தையே நயவுரைக்காரரும் காட்டினார். ஆய்வுரைக்காரர் அதையே காட்டிவிட்டு, அதில் தனக்கு மாற்றுக்கருத்து உண்டு என்றார். ஒருவர் எழுத்தாளரின் கவிதைகளைப் பாராட்டினார். அவர் வாழ்நாளில் கவிதை எழுதியதில்லை. சிறப்புப் பிரதி வாங்க மேடைக்குக் கூப்பிட்டபோது, ஒரு கடைக்காரரைக் கூப்பிட்ட பிறகு தன்னைக் கூப்பிட்டது அவமரியாதை என்று ஒரு பொறியியலாளர் பாதி வழியில் திரும்பிப் போய் இருந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்த இன்னோர் உரை நடந்தது.

எழுத்தாளருக்கு மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒவ்வொரு சங்கமும் தனித்தனியாகப் போர்த்தியதில் அவர் ஒரு துணிக்கடை வாசற்பொம்மைபோல ஆகிவிட்டார். “இதெல்லாம் ஏன்?” என்று மெதுவாகக் கேட்டார். “குளிருக்கு” என்று சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

“இப்ப சபையோர் கேள்வி கேக்கலாம்” என்று தலைவர் அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்தார். “இது தமிழ் மேடை. ஆரும் ஜேர்மனிலை கேக்கப்படாது. தமிழிலை கேளுங்கோ, தங்கச்சி பிரெஞ்சிலை மாத்திச் சொல்லுவா. முதல் கேள்வியை நானே கேக்கிறன்.” வயிற்றைத் தடவிக்கொண்டு எழுத்தாளரைப் பார்த்துச் சிரித்தார். “உங்கட ஆபிரிக்காவிலையும் எங்களை மாதிரிச் சோறு கறி சாப்பிடுறவையோ? கறி நல்ல உறைப்போ?”

சபை சிரித்தது. எழுத்தாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாலைக்கு மேலே அந்த முகம் காத்துக்கொண்டிருந்தது. அவருடைய அறையில் பாதியில் நிற்கிற நாவல் என் கண்ணில் தெரிந்தது.

“அவர் கேட்கிறார்” என்று நான் பிரெஞ்சில் சொன்னேன், “தகப்பன் சாகிற அத்தியாயத்தில் மகளுடைய முகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. லொறியின் டயரைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அது ஏன்?”

அவர் கதிரையில் நிமிர்ந்தார். தலைவர் அண்ணையை மரியாதையோடு ஒருமுறை பார்த்தார். அண்ணையும் பெருந்தன்மையாகத் தலையசைத்தார்.

“முகத்தை எழுதினால் வாசிப்பவர் அழுதுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்” என்றார் எழுத்தாளர். “டயரை எழுதினால் அழ இடம் கிடைக்காது. அந்தத் துக்கத்தைக் கடைசிப் பக்கம்வரை தூக்கிக்கொண்டு வருவார்.” இன்னும் நிறையச் சொன்னார். கைகள் பேசின. அந்தச் சமையலறையில் இத்தனை சனிக்கிழமை நான் பார்க்காத ஆள் அங்கே இருந்தார். முடிந்ததும் சபை என்னைப் பார்த்தது.

“ஓம், சோறு சாப்பிடுறவையாம்” என்றேன். “கறி எங்கட கறியை விட உறைப்பாம்.”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எழுத்தாளர் நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னார்.

நல்லகாலம், பிரெஞ்சு தெரிந்த ஆள் ஒருவரும் மண்டபத்தில் இல்லை. பாரிஸ் இலக்கியக்காரர் ஏதோ ஒரு மலரில் தங்கள் படம் சின்னதாக வந்தது என்று அந்த வருடம் எங்களைப் பகிஷ்கரித்திருந்தார்கள். தமிழரின் ஒற்றுமையின்மையால் நன்மையடைந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்து நயவுரைக்காரர் எழும்பினார். “இவவின்ர மனுசன் என்ன செய்யிறார்? கதை எழுத அவரும் உதவி செய்தவரோ?” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஊர்ப் பத்திரிகைகளுக்கும் இந்த மனிதருக்கும் நடுவே ஒரு கடலும் ஒரு கண்டமும் கிடக்க, கேள்வி மட்டும் நனையாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

“கடைசி அத்தியாயத்தில் அவள் கணவனைச் சந்திக்கிறாள். ஒரு வார்த்தை பேசாமல் லொறியை எடுத்துக்கொண்டு போகிறாள். ஏன் பேசவில்லை என்று கேட்கிறார்” என்றேன்.

“பேசினாள்” என்றார் எழுத்தாளர். “நல்ல வசனங்கள் எழுதி வைத்திருந்தேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் எடுத்துவிட்டேன். அவள் கணவனுக்குப் பதில் சொன்னால் கதை அவனுடையதாகிவிடும்.”

நான் சபைக்குத் திரும்பினேன். “மனுசன் ஊரிலையாம். எழுத உதவி ஒண்டும் இல்லையாம். ஆளுக்குத் தேத்தண்ணி வைக்கவும் தெரியாதாம்.” பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. நயவுரைக்காரர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவதான் பலமாகச் சிரித்துக்கொண்டிருந்தா.

பெண்கள் மட்டும் என்னவோ பெரிதாகக் கேட்டுவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். பட்டுச்சேலை உடுத்த ஓர் அக்கா எழும்பி, “அவவைக் கேளும் பிள்ளை, அந்தத் தலைமயிர் சொந்தமோ, வைச்சுப் பின்னினதோ?” என்றா.

“நாவலின் முதல் வசனம் ஒரு முழுப் பக்கத்துக்கு ஓடுகிறது. மற்ற வசனங்கள் எல்லாம் கட்டை. அது ஏன் என்று கேட்கிறா.”

எழுத்தாளர் அந்த அக்காவையே பார்த்துக்கொண்டு இருந்தார். “பயம்” என்றார் கடைசியில். “எங்கள் ஊரில் ஒரு பெண் பேசத் தொடங்கி, மூச்சு வாங்க நின்றால் யாராவது ஒருவர் உள்ளே புகுந்து பேச்சைப் பறித்துவிடுவார். முற்றுப்புள்ளி வைக்க எனக்குப் பயமாக இருந்தது. ஒரு பக்கம் போன பிறகுதான், ஒருவரும் பறிக்கவில்லை என்று நம்பி நிறுத்தினேன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. “சொந்த மயிர்தானாம் அக்கா” என்றேன். அவ்வளவு உருக்கமாகச் சொன்னதால் அந்த அக்காவும் உருகிப்போனா.

இப்படியே போனது. பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார்கள், எங்கள் போராட்டத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள், அங்கே நல்ல மாம்பழம் இருக்கிறதா என்று விசாரித்தார்கள். இத்தனை சனிக்கிழமை நான் கேட்க வெட்கப்பட்ட கேள்விகள் எல்லாம் அந்த மண்டபத்து ஆட்களின் வாயால் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எனக்கு இதில் இன்றைக்கும் ஒரு கூச்சமும் இல்லை. மொழிபெயர்ப்பில் சொல்லுக்குச் சொல் விசுவாசமாக இருக்கவேண்டும் என்பவர்கள் அந்தக் கதிரையில் வந்து இருந்து பார்க்கட்டும்.

திரும்பிப் போகும்போது, எங்கள் நகரத்தில் ஆற்றுக்கு மேலே ஓடும் தொங்கு ரயிலில் எனக்கு எதிரே, மடியில் பொன்னாடைகளைக் குவித்துக்கொண்டு இருந்தார் எழுத்தாளர். “உங்கள் ஆட்கள் விசித்திரமானவர்கள்” என்றார். “இவ்வளவு ஆழமான கேள்விகளை இவ்வளவு சிரித்துக்கொண்டு கேட்கிறார்களே?”

“அது எங்கள் வழக்கம்” என்றேன்.

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சில மாதத்தில் தங்கையின் மகள் இருந்த பாரிஸுக்கே குடிபோய்விட்டார். நாவல் என்னவாயிற்று என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இரண்டு வருடம் போயிருக்கும். ஒரு பின்னேரம் தலைவர் அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார். “பிள்ளை, உந்த ஆபிரிக்கா மனுசி புதுப் புத்தகம் ஒண்டு வட்டத்துக்கு அனுப்பியிருக்கிறா. முன்னுக்கு வுப்பர்டால் எண்டு எங்கட ஊர்ப் பேர் கிடக்கு. என்ன எழுதியிருக்கிறா எண்டு ஒருக்கால் வந்து சொல்லும்.”

நாவல் முடிந்திருந்தது! ஓடினேன். அட்டையில் மிருகம் எதுவும் இல்லை. சமர்ப்பணப் பக்கத்தை அண்ணைக்குத் தமிழில் சொன்னேன். அதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை: “வுப்பர்டாலில் ஒரு மண்டபத்தில், என்னிடம் ஏன் என்று கேட்ட அந்த ஒருவருக்கு.”

ஒருவருக்கு. கூட்டத்துக்கில்லை, வட்டத்துக்கில்லை. நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

அண்ணையும் இருந்துவிட்டார். “அது நான்தான்” என்றார், தழுதழுத்த குரலில். “முதல் கேள்வி கேட்டது நானெல்லோ. மனுசி மறக்கேல்லை பார்.”

செய்தி பரவியது. நயவுரைக்காரர் அது தான்தான் என்றார்; மற்றவர்கள் கேட்டதெல்லாம் கேள்வியா என்றும் கேட்டார். பட்டுச்சேலை அக்கா, பெண்ணின் மனம் பெண்ணுக்குத்தான் தெரியும், அது என்னைத்தான் குறிக்கிறது என்றா. பொறியியலாளர் அன்றைக்கு வாயே திறக்கவில்லை, அவரும் உரிமை கோரினார். பொதுக்கூட்டம் போட்டார்கள், கதிரை ஒன்று உடைந்தது, இலக்கிய வட்டம் இரண்டாகப் பிரிந்தது. இரண்டு வட்டமும் அந்தச் சமர்ப்பணத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டின. இரண்டிலும் ஒருவராவது அதற்கு அடுத்த பக்கத்தைப் புரட்டியதாக நான் கேள்விப்படவில்லை.

நான் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கென்று தனியாக வந்த பிரதியை வாசித்து முடித்துவிட்டுப் பாரிஸுக்குக் கூப்பிட்டேன். இங்கே நடக்கும் யுத்தத்தைச் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“உங்களுக்கு எப்போது தெரியும்?” என்று கேட்டேன்.

“முதல் கேள்வியிலேயே” என்றார். “சாவைப் பற்றிக் கேட்கிற மனிதன் வயிற்றைத் தடவமாட்டான். அதை விடு. வாசித்தாயா?”

“வாசித்தேன்.”

“எப்படி?”

மிகவும் நன்றாக இருந்தது என்ற வசனம் பழக்கத்தில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பிடித்து நிறுத்தினேன். இப்போது என் முன்னால் மறைந்துகொள்ள அண்ணையும் இல்லை, அக்காவும் இல்லை.

“நடுவில் இழுக்கிறது” என்றேன். “சந்தை எரிந்த பிறகு அவள் ஏன் அவ்வளவு பேசுகிறாள்?”

மறுமுனையில் ஒரு கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது.

“எந்தப் பக்கம்?” என்றார்.